கீசர் இரைகிறது, பம்ப் முனகுகிறது: கொழும்பு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கொழும்பில் வீட்டைச் சூடாக்க ஒரு இயந்திரம் யாருக்கும் தேவையில்லை. ஃபேனைச் சுழல விட்டே களைத்துப் போகிறோம். ஆனால் தண்ணீரைச் சூடாக்க ஒன்று, மேல் டாங்கிக்கு ஏற்ற ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு சத்தப் பேர்வழிகள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருபது வருடமாகக் கீசரும் பம்பும் திருத்தித் திரிகிறேன். தொலைபேசியில் வரும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, ஹொட்வோட்டர் ஒரு மாதிரிச் சத்தம் போடுது."

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். எப்போது? சூடாகும்போதா, குழாயைத் திறக்கும்போதா, பூட்டிய கணத்திலா, வீட்டில் ஒருவரும் ஒன்றையும் தொடாத நேரத்திலா? இதைச் சரியாகச் சொல்லிவிட்டால், எந்தச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வருவது என்று எனக்குப் பாதி தெரிந்துவிடும். சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவதைவிட இது பயன். (போட்டுக் காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும், அது வேறு.) இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீசர் என்று கூப்பிட்டுப் போன வீடுகளில் பாதிக்கு மேல் கீசரில் ஒரு பிழையும் இருந்ததில்லை. பம்ப், பைப், சில நேரம் கொமட் டாங்கி.

சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று இரைகிறது. பயப்பட வேணுமா?

வேண்டாம். கேத்திலில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் கொதிப்பதற்கு முன்பு ஓர் இரைச்சல் வருமே, அதேதான். உள்ளே சூடேறும் கம்பியான எலமென்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் மற்றத் தண்ணீரைவிட முந்திச் சூடாகி, அங்கே சின்னச் சின்னக் குமிழ்கள் பிறக்கும். அவை மேலே குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் நொறுங்கும். ஆயிரக்கணக்கான குமிழ்கள் நொறுங்கும் சத்தம்தான் அந்த இரைச்சல்.

50 லீற்றர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 2 யூனிட் கரண்ட் வேண்டும். 2 கிலோவாட் எலமென்ட் என்றால் ஒரு மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க மெல்லிய இரைச்சல் இருந்து, தெர்மோஸ்டாட் "டிக்" என்று வெட்டியதும் அடங்கினால் உங்கள் கீசர் சுகமாக இருக்கிறது.

எங்கள் கீசர் இரையவில்லை, "கொடகொட" என்று சோளப்பொரி பொரிகிற மாதிரிச் சத்தம். சில நேரம் டாங்கியே அதிருது.

இது வேறு கதை. எலமென்டில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. படிவுக்கும் எலமென்டுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஆவியாகி, படிவை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். பிறகு குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு ஓடிவரும், திரும்பவும் அதே கூத்து.

வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் செதில் இருந்தால், கீசருக்குள் அதைவிட மோசமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர், வெள்ளை பூத்த கேத்தில் எல்லாம் அங்கே அன்றாடம். கொழும்பில் குழாய்க் கிணறோ பழைய வளவுக் கிணறோ வைத்திருக்கும் வீடுகளில்தான் இதைப் பெரும்பாலும் காண்கிறேன்.

செய்யவேண்டியது துப்புரவு. ஆனால் ஒழுங்கு முக்கியம். சுவரில் இருக்கும் கீசர் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், மெயின் பெட்டியில் அந்த லைனுக்குரிய பிரேக்கரையே கீழே போடுங்கள். டெஸ்டரை வைத்துப் பாருங்கள். குளிர் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டி, தண்ணீர் ஆறும்வரை பொறுத்து, டாங்கியை வடியுங்கள். பிறகு எலமென்டைக் கழற்றி வினாகிரியிலோ சிட்ரிக் அசிட் கரைத்த தண்ணீரிலோ ஊறவிட்டால் படிவு நுரைத்துக் கழன்றுவிடும். கத்தியால் சுரண்டினால் மேல்தகடு கீறுப்படும், அங்கிருந்து துரு தொடங்கும், எனவே மரக்குச்சி போதும். டாங்கியின் அடியில் கிடக்கும் மணலையும் செதிலையும் கையை விட்டு வழித்தெடுங்கள். இரண்டு கை நிறைய எடுத்த வீடுகள் உண்டு. திரும்பப் பூட்டும்போது புது ரப்பர் வாசர் போடுங்கள். பழையதைக் காய்ச்சிப் பூட்டினாலும் ஒழுகும்.

இதில் ஆட்கள் விடும் பிழை கடைசிப் படியில்தான். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுதும் போய்த் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே கரண்டைப் போட வேண்டும். வெறும் டாங்கியில் போட்டால் புது எலமென்டும் ஒரு நிமிடம் தாங்காது.

மின்சார வேலை பழக்கமில்லாதவர் இதைச் செய்ய வேண்டாம். வேலை தெரிந்த ஒரு பாஸைக் (மேஸ்திரியைக்) கூப்பிட்டு, பக்கத்தில் நின்று மேலே சொன்னதெல்லாம் நடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எங்களிடம் கிணறே இல்லை, நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர்தான். அப்படியிருந்தும் சத்தம் வருதே?

கொழும்புக்கு வரும் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றில் அம்பத்தலையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை, சுண்ணாம்பு குறைவு. ஆகவே உங்கள் வீட்டில் சுண்ணாம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் வண்டலைச் சந்தேகியுங்கள். நிலத்தடி டாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பதில் உடனே வராவிட்டால் காரணம் அங்கே இருக்கிறது.

அப்படியே மக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டாங்கியின் இரும்பு அரிக்காமல் தான் அரிபட்டுப் போவதற்காக உள்ளே வைத்திருக்கும் கம்பி அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இதைச் சொன்னால் பலர் "அப்படி ஒன்று இருக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களில் சிலர் அப்போது புதுக் கீசர் வாங்கும் நிலையில் இருக்கிறார்கள்.

கீசருக்குக் கீழே "சிஸ்" என்று ஒரு சத்தம், பிறகு சொட்டுச் சொட்டாய் ஒழுகுது. ஒரு பிளக்கைப் போட்டு அடைக்கலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

தண்ணீர் சூடானால் பருக்கும். 50 லீற்றர் தண்ணீர் 25 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏறும்போது முக்கால் லீற்றருக்கு மேல் கூடுகிறது. முந்தி வீடுகளில் மேல் டாங்கியிலிருந்து தானே இறங்கும் தண்ணீர்தான். பருத்த தண்ணீர் வந்த வழியே டாங்கிக்குத் திரும்பிப் போய்விடும். இப்போது நாங்கள் பிரஷர் பம்பும், ஒருவழி வால்வும் போட்டுவிட்டோம். திரும்பிப் போக வழியில்லை. எனவே கீசருக்குக் கீழே இருக்கும் பாதுகாப்பு வால்வு கொஞ்சத்தைக் கசிய விடுகிறது. அது எத்தனை பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) திறக்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 6க்கும் 8க்கும் இடையில்.

சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. ஒரு சின்ன ஹோஸைப் பொருத்தி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள், வாய் திறந்தே இருக்கட்டும். நாள் முழுக்கச் சொட்டினால் பிரஷர் கூட, அல்லது வால்வின் வாயில் மணல் சிக்கியிருக்கிறது. வால்வில் இருக்கும் நெம்பை ஒருமுறை தூக்கிவிட்டால் மணல் போய்விடலாம். கொதிநீர் வரும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

அடைத்தால் என்ன நடக்கும்? தெர்மோஸ்டாட் ஒழுங்காக வெட்டினாலும், பருத்த தண்ணீர் போக வழியில்லாமல் ஒவ்வொரு முறையும் டாங்கியையும் ஒட்டுகளையும் நெருக்கும், ஆனால் வெளியே உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அடைத்தவர்கள் தாங்கள் கெட்டிக்காரர் என்று நினைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால், அழுத்தத்துக்குள் இருக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். டாங்கி விட்டுக்கொடுக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகும். ஆவி, தண்ணீரைவிட 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். தெகிவளையில் ஒரு வீட்டில் வால்வின் வாயை எம்-சீல் என்ற ஒட்டுப் பசை வைத்து மூடி, மேலே அழகாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். குளியலறையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தன. நான் கதவைத் தட்டி வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் அதில் கை வைத்தேன்.

குழாயைப் பூட்டினதும் சுவருக்குள் "டங்" என்று சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. கீசர் வெடிக்கப் போகுதா?

கீசருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பைப்புக்குள் ஓடும் தண்ணீருக்குப் பாரம் உண்டு. அரை அங்குலப் பைப் 10 மீற்றர் என்றால் இரண்டு லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர். அது வேகமாக வந்துகொண்டிருக்கையில் நீங்கள் கால்வட்டக் குழாயைச் சட்டென்று பூட்டினால், பிரேக் பிடித்த பஸ்ஸுக்குள் நிற்கிற சனம் போல முன்னால் போய் இடிக்கும்.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் நிக்கோலாய் சுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்யர். 1897, 98இல் மொஸ்கோ நகரத் தண்ணீர்ப் பைப்புகளில் சோதனை செய்து பார்த்தார். அவருடைய கணக்குப்படி, இரும்புப் பைப்பில் விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் 12 பார் அளவுக்கு ஓர் அடி விழும். ஒப்பிட்டுப் பாருங்கள்: மூன்று மாடிக்கு மேலே, 10 மீற்றர் உயரத்தில் இருக்கும் டாங்கி கீழே தருவது வெறும் 1 பார். பிவிசி பைப் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் அடி மூன்றில் ஒன்றுதான் இருக்கும். அந்த அளவே ஒட்டுகளைக் கழற்றப் போதும்.

கையால் மெதுவாகப் பூட்டிப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் காரணம் இதுதான். ஆனால் வொஷிங் மெஷினுக்கு மெதுவாகப் பூட்டத் தெரியாது. அதற்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள், செலவில்லாத வைத்தியம். பிரஷர் பம்ப் தேவைக்கு மேல் தள்ளினால் அதன் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். சுவருக்கு வெளியே ஓடும் பைப்பை மீற்றருக்கு ஒரு கிளிப்பாவது போட்டு இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அதிர்ச்சி தாங்கும் சிறு குப்பி ஒன்று விற்கிறார்கள், பழைய சோனகத் தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே பூட்ட வேண்டும், தூரத்தில் பூட்டிப் பயனில்லை.

குழாயைக் கொஞ்சம் திறக்கும்போது மட்டும் "டகடகடக" என்று துடித்தால் அது இன்னும் லேசு. உள்ளே வாசர் தளர்ந்து ஆடுகிறது. மாற்றுங்கள்.

இரவு மூன்று மணி. எல்லாரும் நித்திரை. பம்ப் தானாக ஓடி, நின்று, பத்து நிமிடத்தில் திரும்பவும் ஓடுது. வீட்டில் அம்மா சாந்தி செய்யவேணும் என்கிறா.

சாந்தி செய்வது உங்கள் விருப்பம். அதற்கு முன் கொமட் டாங்கிக்குள் கொஞ்சம் கேசரிக் கலரைப் போடுங்கள். அரை மணித்தியாலம் ஒருவரும் ஃபிளஷ் பண்ணாமல் இருந்துவிட்டுக் கோப்பையைப் பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் ரப்பர் மூடி கசிகிறது. எங்கேயாவது தண்ணீர் கசிந்தால் பைப்பில் பிரஷர் இறங்கும், இறங்கினால் ஓட்டோமெட்டிக் பம்ப் ஓடும். அது தன் கடமையைத்தான் செய்கிறது.

கொமட்டில் பிழை இல்லையென்றால், பம்பைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வால்வைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். ஓடுவது நின்றால் கசிவு வீட்டுக்குள். நிற்காவிட்டால் பம்ப் பக்கத்தில், அநேகமாக ஒருவழி வால்வுக்குள் மணல்.

பக்கத்தில் சிவப்பு நிறத்தில் பிரஷர் குடம் இருக்கிற பம்ப் என்றால் இன்னொன்று உண்டு. ஒரு கோப்பை தண்ணீர் எடுத்தாலே "டக், டக், டக்" என்று நிமிடத்துக்குப் பத்துத் தரம் ஓடி நிற்கும். குடத்துக்குள் ஒரு ரப்பர் பையும், அதைச் சுற்றிக் காற்றும் இருக்கும். காற்று போய்விட்டால் அப்படி ஓடும். குடத்தின் பின்னால் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து பிரஷர் முழுவதையும் விட்டபின், டயர் பம்பால் காற்று அடிக்கலாம். பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 0.2 பார் குறைவாக நிறுத்துங்கள். 1.4 பாரில் ஓடத் தொடங்கினால் 1.2. வால்வை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, அடிப்பதில் பயனில்லை.

பம்ப் "ம்ம்ம்" என்று முனகுது, ஆனால் சுத்துதில்லை.

உடனே நிறுத்துங்கள். வாசித்து முடித்துவிட்டு என்று வேண்டாம். சுற்றாமல் கரண்ட் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் மோட்டரின் சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும்.

காரணம் இரண்டில் ஒன்று. மோட்டரைச் சுழலத் தொடங்க வைக்கும் கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது உள்ளே விசிறி இறுகியிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று 25 நாளும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்த வாரம் எனக்கு இந்த அழைப்புகள் நிறைய வரும். கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. ஓடாமல் நின்ற பம்ப் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிரேக்கரை இறக்கிவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றித் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் முரண்டுபிடித்துப் பிறகு லேசாகச் சுற்றினால் பிழைத்தது. லேசாகச் சுற்றியும் ஓடாவிட்டால் கப்பாசிட்டர். அது கரண்டை எடுத்த பிறகும் உள்ளே கொஞ்சம் வைத்திருக்கும், இரண்டு முனைகளையும் விரலால் தொடவேண்டாம்.

சுற்றும், ஆனால் "கிரீச்" என்று அலறும் என்றால் பேரிங். மாற்றுகிற செலவு சிறிது. அலற அலற ஓட்டினால் பெரிது.

பம்புக்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரிச் சத்தம். திறந்து பார்த்தால் கல்லே இல்லை.

இருக்காது. பம்ப் கேட்கிற அளவு தண்ணீர் உறிஞ்சு பைப்பில் வரவில்லை, அதனால் விசிறிக்குப் பக்கத்தில் ஆவிக் குமிழ்கள் தோன்றி நொறுங்குகின்றன. கீசர் இரைச்சலின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது உலோகத்தையே தின்னும்.

மேலே இருக்கும் பம்ப் கிணற்றுத் தண்ணீரை "இழுக்கிறது" என்கிறோம், உண்மையில் காற்றின் அழுத்தம்தான் கீழேயிருந்து தள்ளுகிறது. அதனால் கணக்குப்படியே 10 மீற்றர் சொச்சத்துக்கு மேல் ஏறாது, நடைமுறையில் 7 மீற்றரே அதிகம். மாசி, பங்குனியில் கிணறு இறங்கினால் இந்தச் சத்தம் தொடங்கும். மற்ற நாட்களில் தொடங்கினால் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் இலை அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சு பைப்பின் ஒட்டில் காற்று நுழைகிறது. ஒட்டுகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எதில் ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை.

இந்த இடத்தில் ஒரு கோபம். சபையின் பைப்பில் நேரடியாகப் பம்பைப் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். சபை அதை அனுமதிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது ஒரு பக்கம். ரோட்டுக்குக் கீழே பைப் எங்கேயாவது வெடித்திருந்தால், கானுத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக் குடிப்பது நீங்கள்தான். நிலத்தடி டாங்கியில் விழ விட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

நீர்வெட்டு முடிந்து தண்ணீர் வரும்போது குழாய் எல்லாம் துப்புது, இருமுது.

காற்று. கீழ் மாடியில் ஒரு குழாயைக் கொஞ்சமாகத் திறந்து விடுங்கள், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதுவரை கீசரைப் போட வேண்டாம். முதலில் வரும் கலங்கல் தண்ணீரையும் அதற்குள் விடவேண்டாம். ஒரு நாளுக்கு மேல் துப்பிக்கொண்டே இருந்தால் 1939க்கு அழைத்துச் சபைக்குச் சொல்லுங்கள்.

எங்களுடையது ஷவருக்கு மேலே இருக்கும் உடனடிச் சூடாக்கி. "டக்" என்று ஒரு சத்தம், பிறகு "ங்ங்" என்று இரைகிறது.

"டக்" சரி. தண்ணீர் ஓடுவதை உணர்ந்து உள்ளே சுவிட்ச் விழும் சத்தம். மெல்லிய இரைச்சலும் சரி. சுவர் சுவிட்சிலிருந்து "சர்ர்" என்று பொரிகிற சத்தம் வந்தால், அல்லது சுவிட்ச் தொடச் சூடாக இருந்தால், அல்லது மீன் கருகின மாதிரி மணம் வந்தால் அன்றைக்குக் குளிர் தண்ணீரில் குளியுங்கள். வயர் தளர்ந்த இடத்தில் பொறி பறக்கிறது. 4.5 கிலோவாட் சூடாக்கி 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 20 அம்பியர் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில் சொருகி வைத்திருக்கும் வாடகை அறைகளை வெள்ளவத்தையில் எத்தனை பார்த்துவிட்டேன். தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த், கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் ட்ரிப் சுவிட்ச், இவை நான்கும் இல்லாமல் இந்தப் பெட்டியைப் பூட்டவே கூடாது. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

குழாயைத் தொடும்போது லேசாகக் "கிர்" என்று கரண்ட் அடிக்கிறது என்று சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அதில் சத்தமே இல்லை. எனக்குப் பயமானது அதுதான்.

ஒரு நாளில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் பைப் கிலுகிலுக்குது. ஒரு காரணமும் பிடிபடவில்லை.

மரீன் டிரைவ் பக்கமா? ரயில் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு முறை கீசரைக் கழற்றிப் பூட்டிய பிறகு, மூன்றாவது முறை ஜன்னலோரம் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு கிளிப், நான்கு ஆணி. காசு வாங்கக் கூச்சமாக இருந்தது.

மகள் லண்டனில் இருக்கிறா. அங்கே போயிலர் குளிரில் கத்துதாம். நீங்கள் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். அந்த வீடுகளில் போயிலர் குளிக்கிற தண்ணீரையும் சுடவைக்கும், சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களுக்கும் சுடுதண்ணீரைச் சுற்ற விடும். லண்டன் தண்ணீர் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர், யாழ்ப்பாணத்தைப் போலக் கடினம். எனவே கேத்தில் போலக் கொதித்து இரைந்தால், வெப்பம் மாற்றும் பகுதியில் சுண்ணாம்போ, ரேடியேட்டர்களிலிருந்து வந்த கறுப்புத் துருச் சேறோ படிந்திருக்கிறது. ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்து, கீழ்ப்பகுதி சூடாக, உள்ளே களகளவென்று கேட்டால் காற்று. சூட்டை நிறுத்தி, ஆறவிட்டு, அதற்குரிய சாவியால் மேல்மூலைத் திருகைக் கொஞ்சம் திறந்தால் "ஸ்ஸ்" என்று காற்றுப் போகும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் பூட்டவேண்டும். பிறகு போயிலரின் அழுத்தமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும்.

உறைபனி விழுந்த காலையில் கொளகொள என்று சத்தம் போட்டுப் போயிலர் நின்றுவிட்டால், வீட்டுக்கு வெளியே போகும் மெல்லிய கழிவுநீர்ப் பைப் உறைந்திருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், கொதிநீர் கூடாது. இரவில் பைப்புகள் "டிக் டிக்" என்றால் செப்புப் பைப் சூட்டில் நீள்கிறது, 60 பாகை ஏறினால் மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இதற்கு மேல் மகள் கைவைக்கக் கூடாது. அது காஸ். அங்கே காஸ் சேஃப் என்ற காஸ் வேலைக்காரர் பதிவில் உள்ளவர் மட்டுமே மூடியைத் திறக்கலாம். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருந்தால், போயிலரைச் சுற்றிக் கரி படிந்தால், வீட்டில் இருக்கும்போது மட்டும் தலையிடி வந்தால், போயிலரை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து அங்குள்ள காஸ் அவசர எண்ணான 0800 111 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். இவை கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் அடையாளங்களாக இருக்கலாம். அதற்கு மணமும் இல்லை, சத்தமும் இல்லை.

மகன் டொரோண்டோவில் என்றால் இந்தப் பதில் பெரும்பாலும் உதவாது. அங்கே அநேக வீடுகளில் காற்றைச் சூடாக்கி ஊதுகிறார்கள்.

கீசரை எத்தனை பாகையில் வைப்பது?

60. அதைவிடக் கூட்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும், பில்லும் ஏறும். மிகக் குறைத்தால் தேங்கிய வெதுவெதுப்பில் லெஜியொனெல்லா போன்ற கிருமிகள் வளரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலில் குளிர் குழாயைத் திறந்து, பிறகு சுடுதண்ணீரைக் கலக்கப் பழக்குங்கள். சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி போட்டிருந்தால் அதையும் மாற்றவேண்டும், இந்தச் சூட்டில் அது தொய்ந்துபோகும். சூடு தாங்கும் சிபிவிசி அல்லது பிபிஆர் பைப் கேளுங்கள்.

எங்கள் பம்ப் சுகமாகத்தான் இருக்கு. ஆனால் கீழ்வீட்டு அன்ரி நித்திரையில்லை என்று ஒவ்வொரு நாளும் ஏறி வாறா.

அன்ரி சொல்வது சரியாக இருக்கும். கொங்கிரீட் தளத்தில் நேரடியாக ஆணி அடித்து வைத்த பம்பின் அதிர்வு, பக்கத்தில் நிற்கும் உங்களைவிடக் கீழே கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். கட்டிடமே ஒரு மிருதங்கம் மாதிரி ஆகிவிடும். பம்புக்கு அடியில் ஓர் அங்குல ரப்பர்த் துண்டு நான்கு வையுங்கள், பழைய லொறி டயரில் வெட்டியதே போதும். ஆணியையும் ரப்பர் வாசரோடு இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதிர்வு ஆணி வழியாக இறங்கும். பம்பிலிருந்து வெளியே போகும் முதல் ஒரு அடிக்கு வளையும் ஹோஸ் போடுங்கள். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பைப்பைச் சுற்றிச் சீமெந்து பூசாமல் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள். மேல் டாங்கிக்கு ஏற்றும் பம்ப் என்றால் டைமர் போட்டுப் பகலிலேயே நிரப்பிவிடலாம், இரவு பத்துக்கும் காலை ஐந்துக்கும் நடுவில் அது ஓடவேண்டிய அவசியமே இல்லை.

வேலை முடிந்ததும் அன்ரியின் அறைக்குள் போய் நின்று, மேலே ஒருவரைப் பம்பைப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.